அஞ்சுல ஒண்ணு புருடா

பத்து நாளைக்கு வாயைத் தொறக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரு. கிசுகிசுன்னு பேசறதும் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம். இன்னைக்கு மூணாவது நாள். பேசாம இருக்கறது எனக்கு எவ்ளோ கஷ்டம்னு பருத்திப்பட்டுல யாரை வேணா கேளுங்க, விழுந்து விழுந்து சிரிப்பாங்க. அதான் ஒத்தை விரலால மொபைல்ல தட்டிகினு கீறேன். போன ஞாயித்துக்கெழம நடந்ததை எங்கனா எறக்கி வைக்கலன்னா மண்டை வெடிச்சுடும்.

என் பேரு கஜபதி. ஆவடி டேங்க் ஃபேக்டரியில முப்பத்தாறு வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். மிஷின் சத்தத்துக்கு நடுவுல கத்திக் கத்தியே பழகிடுச்சு, ஊட்டுலயும் அதே சவுண்டு தான். "கொழம்புல உப்பு கம்மி"ன்னு நான் சொன்னா பக்கத்து ஊட்டம்மா அவங்க கொழம்புல உப்பு போட்டுடுவாங்கன்னு என் ஊட்டுக்காரி சாவித்திரி சொல்லும். சொல்லட்டுமே! ஆவடியைச் சுத்தி எங்க டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமெண்ட் நடந்தாலும் மைக்கை யாரு கையில குடுப்பாங்க? இந்தக் கஜபதி கையில தான். நான் கமெண்ட்ரி குடுத்தா, பந்தே பாக்காத கெழவன்கூட கிரவுண்டைச் சுத்தி வந்து நிப்பான். பெருமைக்குச் சொல்லல, நெசமாவே அப்பிடித் தான்.

எங்க ஏரிக்கரையில காலையில நடக்கற கோஷ்டி ஒண்ணு கீது. இருபத்தி மூணு பேரு. பாதிப் பேரு எங்கள மாதிரி ஊர்க்காரங்க, மீதிப் பேரு ஃப்ளாட்டுக்குக் குடி வந்த ஐடிக்காரங்க. வாட்ஸப் குரூப்பும் உண்டு. ஞாயித்துக்கெழம மட்டும் நடை லீவு. அன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு நடைக்குப் பதிலா என் 'ஞாயிறு நொறுக்கு' வரும்.

நொறுக்குன்னா இன்னான்னு கேக்கறீங்களா? ஒம்போது நிமிஷம் என் வாய்ஸ். அந்த வாரம் சிக்கின சிரிப்பு லிங்க் எல்லாம் போடுவேன். ஆடு ஒண்ணு பஸ் ஸ்டாண்டுல ஜனங்களோட சேர்ந்து வரிசையில நிக்கும், பூனை ஒண்ணு கேரம் போர்டுல காயினைத் தட்டும், அந்த மாதிரி. அப்புறம் என் கருத்து. ஐபிஎல்ல இம்பாக்ட் பிளேயர் ரூலைக் கண்டுபிடிச்சவனைக் கூப்ட்டு வெயில்ல ஃபீல்டிங் நிக்க வைக்கணும், இண்டர்வெல்லுக்கு அப்புறம் டூயட் வச்சா டிக்கெட் காசைத் திருப்பித் தரணும், இப்பிடி. கடைசியில அஞ்சு துணுக்கு. அந்த அஞ்சுல நாலு நெசம், ஒண்ணு மட்டும் நான் உட்ட புருடா. எதுன்னு அவங்க கண்டுபிடிக்கணும். கீழ அஞ்சையும் எழுதி ஓட்டு போட்றதுக்கு வச்சிருப்பேன், சாயங்காலம் ஆறு மணிக்கு விடையைச் சொல்லுவேன். பரிசுன்னு ஒண்ணும் கெடையாது. கண்டுபிடிச்சவங்க திங்கக்கெழம ஏரிக்கரையில காலரைத் தூக்கி உட்டுகினு நடக்கலாம், அவ்ளோ தான். நாலு வருஷமா இது நடக்குது. ஒரு வாரம்கூட ரெண்டு புருடா போட்டதில்ல, புருடாவே இல்லாமலும் போட்டதில்ல. ஆட்டம்னா ஆட்டம் தான், அதுல ஏமாத்து கெடையாது.

ரெண்டு மாசமா எனக்குத் தொண்டை கம்மிகினே இருந்துச்சு. ஐஸ் தண்ணி குடிச்சியா, டோர்னமெண்டுல ஓவரா கத்தினியான்னு குரூப்புல ஓட்டினாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். வெள்ளிக்கெழம டாக்டராண்ட போனோம். உள்ள கேமரா உட்டுப் பாத்தாரு. குரல்வளையில கட்டி ஒண்ணு கீது, செவ்வாய்க்கெழம எடுத்துடணும், எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்னாரு. "குரல் பழையபடி வந்துடுமா சார்?"னு கேட்டேன். "வந்தா சந்தோஷம். ஆனா வரும்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாதுங்க"ன்னாரு. சாவித்திரி என் கையைப் புடிச்சுகிச்சு. நாப்பது வருஷத்துல வெளிய எங்கயும் அது என் கையைப் புடிச்சதில்ல.

ஊட்டுக்கு வந்ததும், "உலகநாதன் அண்ணனாண்ட மொதல்ல சொல்லுங்க"ன்னுச்சு.

உலகநாதன் யாருன்னு சொல்லணுமே. ஆவடியில ஊடு, என் ஃபேக்டரி, என் ஷிஃப்ட்டு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தோம். கிரிக்கெட்டுன்னா அவனுக்கு உசுரு. ஒரு தடவ ரன் அவுட் ஒண்ணுக்காகச் சண்டை போட்டுகினு பதினோரு நாள் பேசாம இருந்தோம். பன்னெண்டாவது நாள் அவன் ஊட்டு மோட்டார் ரிப்பேர் ஆச்சு, பேசிகினோம். அவனாண்ட சொல்லாம வேற யாராண்ட சொல்லப் போறேன்?

ஆனா சொல்ல முடியல. ரெண்டு தடவ அவன் ஊட்டு கேட் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்தேன். வாயைத் தொறந்தா அழுதுடுவேன்னு பயம். இன்னொண்ணும் கீது, வெக்கமா கீது சொல்றதுக்கு. போன வருஷம் எங்க குரூப்புல ஹேமநாதன்னு ஒருத்தர், கிட்னியில கல்லு எடுக்கறாங்க, எல்லாரும் வேண்டிக்குங்கன்னு போட்டாரு. நான் இன்னா பண்ணேன்? அந்த வாரம் நொறுக்குல, "கல்லை எடுத்ததும் பத்திரமா வச்சிக்குங்க சார், ஃப்ளாட்டுக்குக் கடைக்கால் போட ஆவும்"னேன். குரூப்பே சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு, பாவம். இப்ப நான் எந்த மூஞ்சியை வச்சிகினு என் தொண்டையைப் பத்திப் போடுவேன்?

அதுக்குத் தான் ஒரு ஐடியா பண்ணேன். அஞ்சு துணுக்குல ஒண்ணா சொல்லிடலாம். புருடாவைச் சின்னக் கொழந்தகூட கண்டுபிடிக்கற மாதிரி ரொம்ப ஈசியா போட்டுடணும். புருடா எதுன்னு தெரிஞ்சுட்டா மீதி நாலும் நெசம்னு ஆயிடும். நான் வாய் உட்டுச் சொல்லாமலே விஷயம் போய்ச் சேர்ந்துடும். சாவித்திரியாண்ட சொன்னேன். "உங்களுக்குத் தொண்டையில மட்டுந்தான் கோளாறுன்னு நெனச்சேன்"னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சு.

ஞாயித்துக்கெழம காலையில ஏழு மணிக்குப் போட்டேன். கம்மின தொண்டையிலயே பேசினேன், ஒம்போது நிமிஷம் முடியல, நாலு நிமிஷத்தோட நிறுத்திட்டேன். துணுக்கு அஞ்சு இது தான்:

ஒண்ணு, ஆக்டோபஸுக்கு மூணு இதயம்.

ரெண்டு, இந்தியா மொதமொதல்ல டெஸ்ட் மேட்ச் ஜெயிச்சது கல்கத்தாவுல.

மூணு, செடி கொடி படிச்சவங்க கணக்குல வாழைப்பழம் பெர்ரி ஜாதி, ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே இல்ல.

நாலு, உங்க கஜபதிக்குத் தொண்டையில கட்டி, செவ்வாய்க்கெழம ஆபரேஷன், அதுக்கப்புறம் இந்தக் குரல் வருமான்னு தெரியாது.

அஞ்சு, ஆஸ்திரேலியாவுல வாம்பேட்டுனு ஒரு பிராணி, அது சாணி போட்டா சதுரம் சதுரமா உழும்.

ரெண்டாவதைப் பாருங்க! சேப்பாக்கத்துல ஜெயிச்சதைத் தூக்கிக் கல்கத்தாவுக்குக் குடுத்துட்டேன். மெட்ராஸ்காரன் எவனாவது அதைச் சும்மா உடுவானா? உலகநாதன் அஞ்சு நிமிஷத்துல குதிச்சுகினு வருவான்னு நெனச்சேன். கிரிக்கெட் புருடா எத போட்டாலும் மொதல் ஓட்டு அவனுது தான், அடுத்த நிமிஷம் போன் பண்ணி ஒரு மூச்சு திட்டுவான்.

மொபைலை வச்சுட்டுக் குளிக்கப் போனேன், கறிக்கடைக்கும் போய்ட்டு வந்தேன். ஒம்போது மணிக்கு எடுத்துப் பாத்தா பன்னெண்டு ஓட்டு. பன்னெண்டும் நாலுல கீது! கூடவே காமெடி வேற. "ஊருக்கு விடிவு காலம்." "அந்தக் கட்டிக்கு ஒரு மாலை போடுங்கப்பா." சித்ரான்னு ஒரு டீச்சரம்மா, "அண்ணன் குரலை வேற மாத்திப் பேசி இன்னா நடிப்பு, சூப்பர்"னு கைதட்டற பொம்மை நாலு போட்டிருந்தாங்க. ஹேமநாதன் போட்டது, "குரல் போனா வித்துடுங்க, லாரிக்கு ஹாரனா வச்சுப்பாங்க."

அவரு மேல கோவம் வரல. அவருக்கு அந்தப் பாக்கி கீது, தீத்துகினாரு. மத்தவங்க மேலயும் கோவப்பட்டு இன்னா பண்றது? நாலு வருஷமா அப்பிடித் தானே பழக்கி வச்சிக்கீறேன்? இந்தாளு ஒழுங்கா பேசவே மாட்டான், எல்லாம் வெளையாட்டுன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆனா உலகநாதன் மேல வந்துச்சு பாருங்க கோவம்! அவன் சத்தமே காணோம். பதினொண்ணே முக்காலுக்கு அவன் ஓட்டு உழுந்துது. நாலு. ஒரு வார்த்தை இல்ல, ஒரு திட்டு இல்ல, சும்மா நாலு.

மொபைலைத் தூக்கி சோபாவுல எறிஞ்சேன்.

"இன்னா ஆச்சு?"ன்னுச்சு சாவித்திரி.

"உன் அண்ணன் லட்சணத்தைப் பாரு. சேப்பாக்கம் மேட்ச்சே தெரியாதாம் தொரைக்கு. நாப்பது வருஷமா கிரிக்கெட் கிரிக்கெட்னு உசுரை வாங்கினானே, பேமானி!"

"கிரிக்கெட் தெரியலன்னு கோவமா, உங்களைத் தெரியலன்னு கோவமா?"

கறிக்கொழம்பு எறங்கல. பாதியில எழுந்துட்டேன்.

மத்தியானம் முழுக்க அந்த மொபைலைப் பாத்துகினே படுத்திருந்தேன். யாரோ ஒருத்தர், ஒரே ஒருத்தர், ரெண்டுல போட்டா போதும்னு இருந்துச்சு. அஞ்சு மணிக்கு எண்ணிப் பாத்தேன். நாலுக்குப் பதினேழு, அஞ்சுக்கு ரெண்டு, வாழைப்பழத்துக்கு ஒண்ணு. ரெண்டுல ஒண்ணுகூட இல்ல.

ஆறு மணி ஆச்சு. விடை சொல்லியாவணும். ரெண்டாவது தான் புருடான்னு சொன்னா மீதி தன்னால வெளிய வந்துடும், அதுக்குத் தானே இவ்ளோ பாடு பட்டேன்? ஆனா காலையிலருந்து சிரிச்சாங்களே இருபது பேரு, அவங்க மூஞ்சி எல்லாம் இப்ப செத்துப் போயிடுமேன்னு தோணுச்சு. அவங்க மன்னிப்பு கேக்கறதை நான் படிக்கணும், அதுக்கு நான் பதில் போடணும். எனக்குத் தெம்பில்ல. கூடவே வீம்பும் வந்துடுச்சு. போங்கடான்னு மைக்கை அமுக்கினேன்.

"எல்லாரும் கெட்டிக்காரங்க. நாலு தான் புருடா. ஆட்டம் முடிஞ்சுது."

அவ்ளோ தான். கைதட்டல், ஆட்டம் பாட்டம், "பயந்தே போய்ட்டேன் அங்கிள்"னு ரெண்டு பொண்ணுங்க. மொபைலை அணைக்கப் போறப்ப போன் வந்துச்சு. சபீனா.

சபீனா எங்க குரூப்பு தான், பாரிவாக்கத்துல ஃப்ளாட்ல கீற பொண்ணு, சொந்த ஊரு திண்டுக்கல் பக்கம், ஐடி வேலை. எதையும் செக் பண்ணாம நம்பாது. ஒரு தடவ நான் சொன்ன ஏரி ஆழத்தையே கவர்மெண்ட் வெப்சைட்ல தேடிப் பாத்துச்சுன்னா பாத்துக்குங்க.

"அங்கிள், இந்தியா முதல் டெஸ்ட் ஜெயிச்சது சேப்பாக்கத்துல. ஆயிரத்தித் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. இப்பத்தான் பார்த்தேன்."

"அப்பிடியா? தப்பா போட்டுட்டேன் போல."

"கிரிக்கெட்டுல நீங்க தப்பா போட மாட்டீங்க."

"சரிம்மா, ரெண்டு புருடா போட்டேன். இப்ப இன்னா அதுக்கு?"

"நாலு வருஷத்துல நீங்க ரெண்டு போட்டதே இல்லை. எங்கிட்ட எல்லா லிஸ்ட்டும் இருக்கு." அப்புறம் மெதுவா கேட்டுச்சு, "அங்கிள், அப்படின்னா நாலாவது?"

"ஆட்டம் முடிஞ்சுதும்மா! போய் வேலையைப் பாரு!"ன்னு கத்தினேன். கத்தினேன்னு நெனச்சேன். பாதியிலயே குரல் ஒடிஞ்சு வெறும் காத்து தான் வந்துச்சு. அந்தப் பக்கம் அந்தப் பொண்ணு அழற சத்தம் கேட்டுது. நான் போனை வச்சுட்டேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். வாசல்ல வண்டிச் சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா அது? உலகநாதனோட ஓட்டை டிவிஎஸ். சாவித்திரி கதவைத் தொறந்துச்சு. அவன் ஹெல்மெட்டைக்கூட கழட்டாம நேரா உள்ள வந்தான்.

"செவ்வாய்க்கெழம எத்தினி மணிக்கு?"ன்னான்.

"இன்னா செவ்வாய்க்கெழம?"

"கஜா, அறைஞ்சுடுவேன். அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணிடுச்சு. எத்தினி மணிக்கு?"

அவ்ளோ நேரம் அடக்கி வச்சிருந்தது எல்லாம் பொத்துகினு வந்துடுச்சு எனக்கு. "நீ பேசாத! பாரிவாக்கத்துலருந்து நேத்து வந்த பொண்ணுக்குத் தெரியுது, உனக்குத் தெரியல! சேப்பாக்கத்தைக் கல்கத்தான்னு போட்டேன், உனக்காகத் தான்டா போட்டேன்! நீ ஒருத்தன் கண்டுபிடிச்சாப் போதும்னு தான்டா போட்டேன்! நாலுல போய்க் குத்தறான், நாலுல! நீயெல்லாம் கிரிக்கெட் பாத்து இன்னா புண்ணியம்?"

அவன் ஹெல்மெட்டைக் கழட்டினான். மூஞ்சி வீங்கி இருந்துச்சு.

"சேப்பாக்கம் எனக்குத் தெரியாதாடா? ஏழு மணி அஞ்சுக்கு ரெண்டுல தான் போட்டேன். போட்டுட்டு உன்னைத் திட்டலாம்னு போனை எடுத்தேன். அப்ப தான் நாலாவதை மறுபடியும் படிச்சேன்." சோபா ஓரத்துல ஒக்காந்தான். "ரெண்டாவது புருடான்னா நாலாவது நெசம். உடனே என் ஓட்டை எடுத்துட்டேன்."

அவன் கையில இருந்த ஹெல்மெட்டை வாங்கி மேசை மேல வச்சேன்.

"பதினொண்ணே முக்கால் வரைக்கும் மொபைலை மடியில வச்சிகினு ஒக்காந்திருந்தேன்டா. சாப்பிடல. அப்புறம் நாலுல போட்டேன். இந்தப் பய இந்த ஒரு வாரம் ரூலை மீறி ரெண்டு புருடா போட்டிருக்கணும் சாமின்னு வேண்டிகினு போட்டேன். உனக்குப் போன் பண்ணிக் கேக்கப் பயமா இருந்துச்சு. கேட்டா ஆமான்னு சொல்லிடுவியே." சட்டையில மூஞ்சியைத் தொடச்சான். "ஆறு மணிக்கு நீ நாலு தான் புருடான்னு சொன்னியா, நான் எழுந்து நின்னு கைதட்டினேன்டா. எங்க ஊட்டம்மா பைத்தியம் புடிச்சிடுச்சான்னு கேட்டுது. ஆமாடி, கேசரி கிண்டுன்னேன். அது ரவையை வறுத்துகினு இருக்கறப்பவே அந்தப் பொண்ணு போன் பண்ணிடுச்சு. இருவது நிமிஷம், கஜா. இருவது நிமிஷம் நான் எவ்ளோ நிம்மதியா இருந்தேன் தெரியுமாடா உனக்கு?"

சாவித்திரி முந்தானையை வாயில வச்சிகினு சமையல் ரூம் பக்கம் போயிடுச்சு. நாலு வருஷமா அத்தினி பேருக்கு முன்னாடி வாயடிச்சவன், நாப்பது வருஷ சிநேகிதனுக்கு முன்னாடி வார்த்தை கெடைக்காம நிக்கறேன். அவன் பக்கத்துல ஒக்காந்தேன். அவன் கையைப் புடிச்சேன். கிரீஸ் கறை போகாத அதே கை.

"உலகா, பயமா கீதுடா"ன்னேன். கம்மின தொண்டையில பாதி தான் வந்துச்சு.

"எனக்கும் தான்டா"ன்னான். "எத்தினி மணிக்குன்னு இன்னும் நீ சொல்லல."